ஆயா கேட்ட ஏரோப்ளேன்

ஞாயிற்றுக்கிழமை. வெளியே முழங்கால் அளவு பனி. மினியாபோலிஸில் ஜனவரி மாதம் இப்படித்தான் இருக்கும், புலம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. காபியை எடுத்துக்கொண்டு கீழே போனால், பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆகாயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வயது பதிமூன்று. ஆன்லைனில் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டிச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. நான் போனபோது அவன் மூன்றாவது முறையாகச் செத்திருந்தான்.

"அப்பா, இந்த ப்ளேன் சுத்த வேஸ்ட்டுப்பா. முன்னாடி சுடவே முடியல. பேலன்ஸே சரியில்ல" என்றான்.

என்ன விமானம் என்று எட்டிப் பார்த்தேன். டிஃபையண்ட். காபி கையிலேயே ஆறிவிட்டது. ஏனென்றால் அந்த விமானத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் சித்தூர். "ஆந்திராவா? அப்புறம் எப்படி இவ்வளவு நல்லா தமிழ் பேசறீங்க?" என்று இங்கே தமிழ்ச்சங்கத்தில் கேட்காத ஆள் இல்லை. பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது. சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை மெட்ராஸோடுதான் இருந்தது. 1960-ல் திருத்தணிப் பக்கம் மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் போய்விட்டது. எல்லைக்கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. வீட்டுக்குள் தமிழ், கடையில் தெலுங்கு என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

என் ஆயா (அப்பாவின் அம்மா) 1930 வாக்கில் பிறந்தவர். சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வயதில் அவரிடம் கேட்ட கதைகளில் ஒன்று இது.

"சண்டைக்கு ஏரோப்ளேனு வாங்கணும்னு கர்ணம் வந்து எங்கப்பாகிட்ட ரெண்டு ரூபா வாங்கினு போனாருடா. ரெண்டு ரூபான்னா அப்ப சும்மாவா? அப்புறம் ஜப்பான்காரன் குண்டு போடறான்னு மெட்ராஸ்லருந்து சனமெல்லாம் ரயிலேறி இங்க ஓடியாந்துட்டாங்க. எங்க சின்னம்மா குடும்பம் ஏழு பேரு, மூணு மாசம் நம்ம வீட்லதான். நான் எங்கப்பாவக் கேட்டேன், 'நம்ம காசுல வாங்கின ஏரோப்ளேனு எங்கப்பா போச்சு? அது வந்து ஜப்பான்காரன அடிக்கக்கூடாதா?'ன்னு. அவரு ஒண்ணும் சொல்லல."

கொள்ளுத்தாத்தா சொல்லாததை நானும் ரொம்ப நாள் தேடவில்லை. ஆயா போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஒரு விமான வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டும்போது 'மெட்ராஸ் ராஜதானி' என்ற பெயர் கண்ணில் பட்டது. எங்கே தெரியுமா? பிரிட்டிஷ் விமானப்படையின் அணிப் பட்டியலில்!

முதலில் காசு விஷயம். 1940-ல் பிரிட்டனில் 'ஸ்பிட்ஃபயர் நிதி' என்று ஊர் ஊராக வசூல் நடந்தது. ஒரு விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று ஒரு பேச்சு விலை வைத்திருந்தார்கள். (அசல் செலவு அதைவிட அதிகம்.) அன்றைய மாற்று விலையில் அது சுமார் 66,700 ரூபாய். ஆயாவின் அப்பா மாதிரி ரெண்டு ரூபாய்க்காரர்கள் முப்பத்து மூவாயிரம் பேர் கொடுத்தால் ஒரு விமானம்! பேரரசு முழுவதும் இந்த மாதிரி நிதி திரண்டது. மெட்ராஸ் ராஜதானியில் கவர்னர் ஆர்தர் ஹோப் காலத்தில் திரண்டது. பெரிய தொகை கொடுத்த பகுதிகளின் பெயரை விமான அணிகளுக்குச் சூட்டினார்கள். ஹைதராபாத், மைசூர், சிலோன் பெயர்களில் எல்லாம் அணிகள் இருந்தன. மெட்ராஸ் ராஜதானியின் பெயரைத் தாங்கியவை மூன்று: 79, 234, 264.

கிராமத்து ரெண்டு ரூபாய் எந்த விமானத்தின் எந்த ஆணியாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே உண்டியல். ஆனால் உண்டியலின் பெயர் அந்த மூன்று அணிகள்மேல் இருக்கிறது.

இனிமேல்தான் சுவாரசியம். 1940-ன் கோடையில், இங்கிலாந்தின் வானத்தில், இந்த மூன்று அணிகளிடமும் மூன்று வேறு விமானங்கள் இருந்தன. 79-இடம் ஹரிக்கேன். 234-இடம் ஸ்பிட்ஃபயர். 264-இடம் டிஃபையண்ட். மூன்றிலும் ஒரே மெர்லின் எஞ்சின் குடும்பம். எதிரி ஒரே எதிரி. விளையாட்டில் 'பேலன்ஸ்' என்று பையன்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது.

பேலன்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (என் மனைவியும் கேட்டாள்.) நிஜத்தில் விமானங்கள் சமமாக இருக்கவில்லை. அப்படியே விளையாட்டில் விட்டால் எல்லோரும் நல்ல விமானத்தையே எடுப்பார்கள், மற்றவன் விளையாட வரமாட்டான். அதனால் விளையாட்டு செய்பவர்கள் சில தந்திரம் வைத்திருக்கிறார்கள். 2000-ல் வந்த 'ஏசஸ் ஹை'யில், சாதா விமானத்தில் போய் வலுவான விமானத்தை வீழ்த்தினால் அதிகப் புள்ளி. ஜெட் மாதிரி பெரிய சரக்கு வேண்டுமென்றால் புள்ளி சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஆள் கூட்டம் அதிகமானால் அந்தப் பக்கத்துக்கு நல்ல விமானங்கள் கிடைக்காது. 'வார் தண்டர்' வேறு வழி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண். அதை ஓட்டுபவர்கள் சராசரியாக எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்த்து அந்த எண்ணை ஏற்றி இறக்குவார்கள். கிட்டத்தட்ட ஒரே எண் உள்ளவர்கள்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள்.

நியாயமான ஏற்பாடு. 1940-ல் அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

சரி, மூன்று விமானங்களுக்கு வருவோம். 234-இன் ஸ்பிட்ஃபயரும் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ம் வேகத்தில் ஏறக்குறைய ஒன்று, மணிக்கு 560, 570 கிலோமீட்டர். ஸ்பிட்ஃபயர் சின்ன வட்டத்தில் திரும்பும். 109-க்கு எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு. அதனால் தலைகுப்புறக் குனிந்து ஓடினால் எஞ்சின் திணறாது. மெர்லினில் இருந்தது கார்புரேட்டர். அதே மாதிரி குனிந்தால் ஒரு கணம் எஞ்சின் இருமும், எதிரி நழுவிவிடுவான். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோக வில்லையை வைத்து 1941-ல் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். நல்ல விளையாட்டுகளில் இந்த இருமலைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள்.

79-இன் ஹரிக்கேன் வேகம் குறைவு, சுமார் 520. ஆனால் முரட்டு மாடு. துணி போர்த்திய பின்பகுதியில் குண்டு துளைத்தாலும் ஒட்டுப்போட்டு மறுநாள் அனுப்பலாம். சுடும்போது ஆடாது. முக்கியமாக, 109-ஐவிடச் சின்ன வட்டத்தில் திரும்பும். 'ஜெர்மன்காரன் பின்னால் வந்தால் திரும்பு, திரும்பிக்கொண்டே இரு' என்பது ஹரிக்கேன் விமானிகளுக்கு உடம்பில் ஊறிய பாடம். இந்தப் பாடத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

264-இன் டிஃபையண்ட்தான் விநோதம். இரண்டு பேர் உட்காருவார்கள். முன்னால் விமானி, அவரிடம் துப்பாக்கியே கிடையாது. பின்னால் சுழலும் கூண்டுக்குள் இன்னொருவர், அவரிடம் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். வண்டி ஓட்டுபவர் ஒருவர், சாட்டை இன்னொருவர் கையில். கூண்டின் எடையால் வேகம் சுமார் 490-தான்.

இப்படி ஒன்றை ஏன் செய்தார்கள்? முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. 1930-களில் யோசித்தவர்களின் கணக்குப்படி, ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியிலிருந்தே புறப்பட்டு வரும். அவ்வளவு தூரத்துக்குத் துணையாக அவர்களின் சண்டை விமானங்களால் வர முடியாது. துணையில்லாமல் வரிசையாக வரும் குண்டு விமானங்களுக்குப் பக்கத்திலேயே, கீழேயே பறந்து, கூண்டைத் திருப்பி நிதானமாகச் சுடலாம். கணக்கு சரிதான். பிரான்ஸ் விழாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை! 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. 109-கள் கலே கடற்கரைக்கே வந்துவிட்டன. நடுவில் முப்பது சொச்சம் கிலோமீட்டர் கடல்.

இன்னொரு பழைய பாடமும் இருந்தது. முதல் உலகப்போரில் 'பிரிஸ்டல் ஃபைட்டர்' என்ற இரண்டு பேர் விமானம் 1917 ஏப்ரலில் முதன்முதலாகச் சண்டைக்கு வந்தபோது, பின்னால் இருப்பவர் சுட்டுக் காப்பாற்றுவார் என்று நம்பிக் கூட்டமாகப் பறந்தார்கள். ஆறில் நாலு போயிற்று. பிறகு விமானிகள், முன்னால் இருக்கும் துப்பாக்கியை நம்பி ஒற்றை ஆள் விமானம் மாதிரி பாய்ந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். அதே விமானம் அந்தப் போரின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகிவிட்டது. டிஃபையண்ட் செய்தவர்கள் பின்னால் இருந்த துப்பாக்கியை நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை விட்டுவிட்டார்கள்.

264 அணியின் தலைவர் ஸ்க்வாட்ரன் லீடர் ஃபிலிப் ஹண்டர். 1940 மே 13, ஹாலந்து வானம். அணியின் ஆறு டிஃபையண்ட்கள் 109-களிடம் மாட்டிக்கொண்டன. ஐந்து திரும்பவில்லை. நம் பையன் விளையாட்டில் மூன்று முறை செத்ததற்கே 'வேஸ்ட்' என்று மூடிவிட்டான். ஹண்டர் அப்படி மூட முடியாது. மறுநாளும் அதே விமானம்தான்.

அவர் யோசித்தார். வேகத்தில் ஜெயிக்க முடியாது. ஏறுவதில் ஜெயிக்க முடியாது. எதிரி வந்தவுடன் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வட்டம் கட்டிக்கொள்வது, வட்டத்திலேயே மெல்ல இறங்குவது. ஒருவரின் முதுகை அடுத்தவரின் கூண்டு காக்கும். எந்தப் பக்கம் வந்தாலும் நாலைந்து கூண்டுகள் ஒரே நேரத்தில் சுடும். எருமைக்கூட்டம் புலியைக் கண்டால் கன்றை நடுவில் விட்டு வட்டமாக நிற்குமே, அதேதான்.

மே 29, டன்கர்க். கீழே கடற்கரையில் படை கப்பலேறிக்கொண்டிருக்கிறது. அன்று ஒரே நாளில் 264 அணி 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது! ஒரு டிஃபையண்ட்கூட விழவில்லை. (பிற்காலத்தில் இரண்டு பக்கப் பதிவேடுகளையும் ஒப்பிட்டவர்கள் உண்மை எண்ணிக்கை அதில் பாதிகூட இராது என்கிறார்கள். சண்டையில் ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டு நாலு பேரும் கணக்கு எழுதுவது சகஜம். அப்படியிருந்தும் பெரிய நாள்தான்.) வட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பின்னாலிருந்து பார்த்தால் டிஃபையண்ட் ஹரிக்கேன் மாதிரியே இருக்கும். ஹரிக்கேன்தானே என்று வழக்கம்போல் மேலிருந்து முதுகுப்பக்கம் பாய்ந்தவர்கள் நேராக நான்கு துப்பாக்கிகளின் வாய்க்குள் போய் விழுந்தார்கள்.

ஆனால் இந்த வித்தை எத்தனை நாளைக்கு? தப்பிப் போன ஜெர்மன் விமானி ஊமையா என்ன? இரண்டே நாளில், மே 31 அன்று, அணி மறுபடி ஐந்து விமானங்களை இழந்தது. ஜூலை 19 அன்று, அதிகம் சண்டை காணாத இன்னொரு டிஃபையண்ட் அணியான 141, கால்வாய்மேல் ஒன்பது விமானங்களுடன் போனது. ஆறு போயிற்று. மிச்சம் தப்பியது 111 அணியின் ஹரிக்கேன்கள் வந்து குறுக்கே விழுந்ததால். ஜெர்மன்காரர்கள் இப்போது முன்பக்கமாகவும் வயிற்றுக்குக் கீழாகவும் வந்தார்கள். அங்கே கூண்டு சுட முடியாது.

ஆகஸ்ட் 24 முதல் 28 வரை 264-இன் முறை. பத்துக்கு மேற்பட்ட விமானங்கள் அந்த ஒரு வாரத்தில் போயின. முதல் நாளே ஹண்டர், ஒரு ஜெர்மன் குண்டு விமானத்தைத் துரத்திக்கொண்டு கடல் பக்கம் போனதைக் கடைசியாகப் பார்த்தார்கள். கூண்டுக்குள் அவரோடு எப்போதும் பறந்த ஃப்ரெட்ரிக் கிங். இருவரும் திரும்பவில்லை.

கூண்டுக்காரர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விமானம் பற்றி எரிந்தால் விமானி மூடியைத் தள்ளிவிட்டுக் குதிக்கலாம். கூண்டில் இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் கூண்டு சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மின்சாரம் போயிருந்தால் கூண்டு எளிதில் திரும்பாது. விமானி பிழைத்து, பின்னால் இருந்தவர் பிழைக்காத கதைகள் பல. பையனிடம் இதைச் சொன்னபோது திரையில் தன் விமானத்தின் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இதுல எக்ஸிட் பட்டனே இல்லப்பா" என்றான். இருக்காது.

அதோடு டிஃபையண்ட்டைப் பகல் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கதை அங்கே முடிந்திருந்தால் 'வேஸ்ட்' என்ற தீர்ப்பே நின்றிருக்கும். அந்த வருட இலையுதிர்காலத்தில் ஜெர்மன் குண்டு விமானங்கள் பெரும்பாலும் இரவில் வர ஆரம்பித்தன. இரவில் துணைக்கு 109-கள் வராது. அதாவது, 1930-களில் யோசித்தவர்கள் கற்பனை செய்த எதிரி, துணையில்லாமல் வரும் குண்டு விமானம், கடைசியில் வந்தே விட்டான், ஆனால் இருட்டில்! டிஃபையண்ட் சத்தமில்லாமல் கீழே போய் ஒட்டிக்கொண்டு கூண்டை மேலே திருப்பிச் சுட்டது. ராடார் வைத்த பெரிய இரவு விமானங்கள் போதுமான அளவு வரும்வரை இரவுக் காவலில் நல்ல பெயர் வாங்கிய விமானம் அது. 264 அணி 1942-ல் மஸ்கிட்டோ விமானத்துக்கு மாறியது. ஆயிரத்துச் சொச்சம் டிஃபையண்ட் செய்தார்கள். இன்று முழுசாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில்.

விமானம் மாறவில்லை. பகலில் சவப்பெட்டி, இரவில் வேட்டைக்காரன். யாருக்கு எதிராக, எந்த நேரத்தில், எப்படி என்பதுதான் மாறியது.

இனி ஆயாவின் கேள்விக்கு இரண்டாம் பாதி. அதற்கு நாம் இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கு வர வேண்டும்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் சிலோனுக்குத் தெற்கே நிற்கின்றன. முந்தின நாளே கனடா நாட்டு விமானி லியனார்ட் பர்ச்சல் அவற்றைப் பார்த்துத் தகவல் அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தார். அப்படியும் காலை எட்டு மணிக்கு முன்னால் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தபோது ரத்மலானையில் இருந்த 30 அணி தரையில்தான் இருந்தது. குதிரைப் பந்தயத் திடலில் ரகசியமாக ஓடுபாதை போட்டு நிறுத்தியிருந்த 258 அணி மட்டும் கொஞ்சம் முன்னால் எழும்பியது. இரண்டும் ஹரிக்கேன் அணிகள்.

எதிரே ஸீரோ. எடை குறைவு, கவசம் கிடையாது, மெதுவான வேகத்தில் காற்றாடி மாதிரி திரும்பும். ஹரிக்கேன்காரர்கள் உடம்பில் ஊறிய பாடம் என்ன? பின்னால் வந்தால் திரும்பு. திரும்பினார்கள். மூன்றாவது வட்டத்துக்குள் ஸீரோ அவர்கள் முதுகில் இருந்தது. ஜெர்மன்காரனிடம் உயிர் காத்த பழக்கமே இங்கே உயிரை வாங்கியது. அன்று காலை பிரிட்டிஷ் தரப்பு இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஜப்பானியர் இழந்தது ஏழு.

கசப்பு என்னவென்றால், ஸீரோவோடு திரும்பாதே என்பது அப்போதே தெரிந்த விஷயம். சீனாவில் இருந்த அமெரிக்கர் க்ளேர் ஷெனால்ட் தன் விமானிகளுக்கு அதைத்தான் ஓதிக்கொண்டிருந்தார்: மேலிருந்து பாய், சுடு, நிற்காமல் போய்விடு, மறுபடி ஏறிவிட்டு வா. 1941 டிசம்பரிலிருந்து அவருடைய ஆட்கள் அப்படித்தான் சண்டை போட்டார்கள். 258 அணியிலேயே சிங்கப்பூரிலிருந்து தப்பி வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் உயரத்துக்கு ஏறவே நேரம் இல்லாதபோது தெரிந்து என்ன பயன்?

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று பையனுக்கு எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னேன். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுகிறவனை நினைத்துக்கொள். மூச்சு வாங்க ஒவ்வொரு படியாக ஏறுகிறான். மேலே போய்ச் சேர்ந்தவனுக்கு இறங்கும் வேகம் சும்மா கிடைக்கிறது. ஏறிக்கொண்டிருப்பவன் இறங்குகிறவனைத் துரத்த முடியாது. ஆகாயத்திலும் அதேதான். ஏறின ஒவ்வொரு அடியும் பிறகு வேகமாக மாற்றிக்கொள்ளக்கூடிய சேமிப்பு. திரும்பித் திரும்பிச் சண்டை போடுகிறவன் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறான். பையன் சொன்னான், "இத கேம்ல 'பூம் அண்ட் ஜூம்'னு சொல்வாங்கப்பா." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9 அன்று திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே முடிவு கட்டியது. நகரத்தில் வேலையில்லாதவர்கள் வெளியேறலாம் என்றது அரசு. தலைமைச் செயலகம் ஊட்டிக்கும் ஹைகோர்ட் கோயம்புத்தூருக்கும் போயின. ஆவணக் காப்பகத்தின் பழைய பதிவேடுகள் சித்தூர் மாவட்டத்துக்கு வந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயாவின் சின்னம்மா குடும்பம் ரயிலேறியது அந்த வாரத்தில்தான்.

அப்போது மெட்ராஸ் கடற்கரைக்கென்று இருந்த கடலோரக் காவல் பிரிவின் கையில் இருந்தது 'வபிட்டி' என்ற பழைய இரட்டைச் சிறகு விமானம். கடலைப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம், அவ்வளவுதான். ஸீரோவுக்கு எதிராக அதை எந்த விளையாட்டும் ஒரே களத்தில் இறக்காது.

அப்போது மெட்ராஸ் ராஜதானி என்று பெயர் எழுதிய மூன்று அணிகளும் எங்கே? 234, இங்கிலாந்தில். 264, இங்கிலாந்தில். 79 மட்டும் அந்த மார்ச்சில்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தது. வந்து சேர்ந்தபோது ஜூன் மாதம். போனது மெட்ராஸுக்கு அல்ல, வங்காளத்துக்கு. பிறகு அரக்கான், பர்மா என்று ஜப்பானியர்மேல் போய்த் தாக்கியது. ஆக ஆயா, உன் ஏரோப்ளேன் வந்தது. ரெண்டு மாசம் தாமதமாக, ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி வந்தது.

மெட்ராஸ் தப்பியது யார் புண்ணியத்தில்? நகுமோ கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான். கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் மூன்று, இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. மெட்ராஸ்மேல் 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது.

மிட்வே என்றதும் இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அங்கே அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த 'வைல்ட்கேட்' திரும்புவதிலும் ஏறுவதிலும் ஸீரோவைவிட மட்டம். ஜான் தாச் என்ற அதிகாரி, ஸீரோவைப் பற்றி வந்த தகவலைப் படித்துவிட்டு, ராத்திரி வீட்டுச் சமையலறை மேசைமேல் தீக்குச்சிகளை வைத்து நகர்த்தி நகர்த்தி ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேர் தள்ளித் தள்ளிப் பறப்பது. ஒருவன் பின்னால் எதிரி வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புவது. துரத்தி வருபவன் தானாகவே மற்றவனின் துப்பாக்கிக்கு நேரே வந்துவிடுவான். ஜூன் 4 அன்று அதைச் செய்து காட்டினார். யோசித்துப் பார்த்தால் இது ஹண்டரின் வட்டம்தான். உன் முதுகை நான் பார்க்கிறேன், என் முதுகை நீ பார். ஹண்டரின் விமானத்தில் முன்னால் துப்பாக்கி இல்லை, தாச்சின் விமானத்தில் இருந்தது.

எனவே பேலன்ஸ் என்பது விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் எண் அல்ல என்பதுதான் எனக்குப் புரிந்தது. எதிரி நம்மைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டான், நாம் அவனைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டோம், தெரிந்ததை அடுத்தவனுக்கு எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதில் அது தினமும் ஏறி இறங்குகிறது. மே 29-இல் நமக்குச் சாதகமாக இருந்தது மே 31-இல் இல்லை. விளையாட்டில் அந்தப் பாடத்துக்கு விலை ஒரு நிமிடக் காத்திருப்பு. அங்கே அதன் விலை கூண்டுக்குள் ஒரு இருபது வயதுப் பையன். கொடுத்தவர்கள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரூபாய் கொடுத்த கிராமத்தின் பெயர் எந்த விமானத்திலும் இல்லை. ஆபத்து வந்த வாரத்தில் அவர்களுடைய வானத்தில் விமானமும் இல்லை. அந்தக் களத்தில் பேலன்ஸ் பார்க்க யாரும் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மதியமாகிவிட்டது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ப்ளேன நைட் மேட்ச்ல எடுத்தா?" என்று கேட்டான். எடுத்தான். கீழேயே ஒட்டிக்கொண்டு போய், கூண்டைத் திருப்பி, ஒரு குண்டு விமானத்தை வீழ்த்தினான். அடுத்த ஐந்தாவது நிமிடம் அவனை யாரோ வீழ்த்தினார்கள். இந்த முறை 'வேஸ்ட்' என்று சொல்லவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். விளையாட்டில் அவனுடைய பெயர் ஏதோ டிராகன் என்று இருந்தது. அதை 'சித்தூர் 264' என்று மாற்றி வைத்திருந்தான். கேட்டால், "ஆயா ரெண்டு ரூபா குடுத்துருக்காங்கல்லப்பா" என்கிறான்.

கொடுத்தது ஆயா இல்லை, ஆயாவின் அப்பா. திருத்தவில்லை.